பால் கவர் கூரை

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மேனேஜர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா புருஷனை இழந்தவர். ஒரு செவலைப் பசுவை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். காலையில் பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்துவிடுவார். அது ஊர் சுற்றிவிட்டு, சாயந்திரம் தானாக வாசலில் வந்து நிற்கும்.

ஒரு புரட்டாசியில் அப்படி வந்து நின்ற மாடு தவிட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் அசைபோடுவதும் நின்றது. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே முனகியது. மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கவரு அடைச்சிருக்கு. அறுத்துதான் எடுக்கணும்."

"பொழைக்குமா டாக்டரம்மா?" என்றார் அக்கா. அவர் கை என் தோளைப் பிடித்திருந்தது.

"பொழைக்கும். கெட்டியா புடிச்சிக்க ரெண்டு பேரு இருந்தா போதும்."

அக்கா கொம்பைப் பிடிக்க, நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, மாட்டை நிற்கவைத்தே அறுத்தார். தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு இழுக்க இழுக்க, துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி கவர்கள் வந்துகொண்டே இருந்தன. பால் கவர், ஜவுளிக்கடைக் கவர், கிரிவலத்துக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு எறியும் தண்ணீர் பாக்கெட். நடுவில் ஒரு மஞ்சள் கவர், போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே வந்தது. எங்கள் தெருவில் மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் கவரில் போட்டு முடிந்து, முனைக் குப்பைமேட்டில் எறிவதுதான் வழக்கம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது.

தையல் போட்டு முடித்த டாக்டரம்மா, "இனிமே தெருவுல உடாதீங்க. உட்டீங்கன்னா நான் மறுபடி வந்து இதே எடத்துல அறுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிப்போட்டு வளர்ப்பது என்றால் தீனி வேண்டும், கொட்டகை வேண்டும். அக்காவிடம் இருந்தது நாலு கழியும் மேலே கொஞ்சம் ஓலையும். ஐப்பசி மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். "வித்துடலாம்னு பாக்குறேம்மா" என்றார் அக்கா. எனக்கு ஏனோ கோபம்தான் வந்தது. "சும்மா இருங்கக்கா. தீனிக்கு நான் வழி பண்றேன்" என்றேன்.

மறுநாள் தெருக்குழாயடியில் ஒரு பெரிய பக்கெட்டைக் கொண்டுபோய் வைத்தேன். "வடிச்ச கஞ்சி, காய்த்தோலு எல்லாம் இதுல போடுங்க. கவர்ல கட்டாதீங்க."

எதிர்வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இந்தக் கவர வச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

"என்கிட்ட குடுங்க."

அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பதிலைச் சொன்னதில் ஒரு தெம்பு இருந்தது. மாட்டின் வயிற்றிலிருந்து வந்ததை எல்லாரும் மதில்மேல் எட்டிப் பார்த்திருந்ததால், கவர்கள் வந்து குவிந்தன. கழுவிக் கொடியில் காயப்போட்டேன். ராத்திரி டூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "இது வீடா, பால் டிப்போவா?" என்றார்.

"கொட்டகைக்குக் கூரை" என்றேன். அந்த யோசனை அந்த நிமிஷம்தான் வந்தது.

பால் கவர்களைப் பிரித்து விரித்து மிஷினில் ஒட்டுப்போட்டுத் தைத்தேன். ஊசி போன வழியிலேயே தபால்தலை மாதிரி கிழிந்தது. அடுத்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். கவர் உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு கவர்களை மூன்றடுக்காக வைத்து, மேலும் கீழும் செய்தித்தாள் போட்டு, சூட்டைக் கம்மியாக்கித் தேய்த்தேன். தாளை உரித்தபோது மூன்றும் ஒன்றாக, ரெக்சின் மாதிரி கெட்டியாக வந்தது. தாளின் எழுத்துகள் இடவலம் மாறி அதில் பதிந்திருந்தன. ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் தேய்த்தேன். கெட்டியான துண்டுகளை மிஷின் கிழிக்கவில்லை. அக்காவின் பெண்கள் ஒருபுறம் இழுத்துப் பிடிக்க, ஒரே விரிப்பாக மூட்டினேன்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் அடித்துப் பெய்தது. நானும் அக்காவும் கொட்டகைக்குள் மாட்டோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டில் மட்டும் ஒழுகியது. தையல் ஆறிய வயிற்றோடு மாடு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அக்கா சிரித்துவிட்டார். "எதைத் தின்னு சாகக் கெடந்துச்சோ, அதுக்குக் கீழ நின்னு தின்னுது பாரேன்."

மாடு தொடாத வெங்காயத்தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் கொல்லையில் வெட்டிய குழிக்குப் போயிற்று. அடுக்கடுக்காகச் சாணியும் சருகும் போட்டோம். முதலில் நாறியது. தண்ணீர் ஜாஸ்தி என்று புரிந்து, சருகை இன்னும் கொட்டினேன், நாற்றம் நின்றது. தை மாதம் கிளறியபோது மண் கறுப்பாக உதிர்ந்தது. வேலியோரம் அகத்தி நட்டு, அந்த எருவையே போட்டோம். கீரை பாதி மாட்டுக்கு, பாதி எங்கள் குழம்புக்கு.

சித்திரை வெயிலில் விரிப்பு காய்ந்து வெடித்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, கவருக்கா பஞ்சம்! அடுத்ததை அஞ்சு அடுக்காகத் தேய்த்து, வெயில் படாமல் மேலே ஓலை வேய்ந்தோம். அது இரண்டு மழைக்காலம் தாங்கியது. கோயில் பக்கம் பூ விற்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் கடைக்கும் ஒன்று கேட்டார். தைத்துக்கொடுத்தேன். அதற்கு மறுவாரம் செவலை கன்று போட்டது; கிடாரி, பெண் கன்று. அக்கா சீம்பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, தெருவில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்.