அக்கா வண்டும் மனைவி வண்டும்

அக்கம்பக்கத்தில் அவரைப் பூச்சிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், அந்துருண்டை நெடி அடிக்கும் அறையில், செத்த வண்டுகளைக் குண்டூசியில் குத்திவைத்து, காலில் எத்தனை முள், மீசையில் எத்தனை கணு என்று லென்ஸ் வழியே பார்ப்பது அவர் வேலை. அதுவரை யாரும் அறியாத வண்டு கிடைத்தால் அதற்குப் பேர் வைக்கிற பாக்கியமும் உண்டு. அவருக்கு இரண்டு கிடைத்தன. பளபளக்கும் பச்சை வண்டுக்குத் தன்னை வளர்த்து ஆளாக்கிய அக்காவின் பேர். குண்டுப் பழுப்பு வண்டுக்கு மனைவியின் பேர். ஒரே கட்டுரையில் இரண்டையும் அச்சிட்டு, வீட்டில் பெருமையாகக் காட்டினார். மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது தலையில் இடி விழுந்தது. பச்சையும் பழுப்பும் ஜோடி சேர்ந்தபடியே வலையில் மாட்டின. இரண்டு இனமே இல்லை. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும். இனி ஒரு பேர்தான் நிற்கும். எது என்று தேர்ந்தெடுத்து முதலில் அச்சிடுகிறவர் சொல்வதே சட்டம்.

சாப்பாட்டு மேஜையில் அக்காவிடமும் மனைவியிடமும் மென்று விழுங்கிச் சொன்னார்.

“பச்சை ஆணா?” என்று நாத்தனாரைப் பார்த்தாள் மனைவி. “அப்போ அண்ணி புருஷன், நான் பொண்டாட்டியா?”

“அதான் இத்தனை வருஷமா உன்கிட்ட திட்டு வாங்கறேன்,” என்றாள் அக்கா.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குப் போன உயிர் வந்தது.

“சரி, யார் பேரை வைக்கட்டும்?”

சிரிப்பு நின்றது.

“உன் பொண்டாட்டி பேரையே வைடா. நான் என்ன கேக்கவா போறேன்?” என்றாள் அக்கா.

“அண்ணி பேரே இருக்கட்டும். எனக்கென்ன வந்துது?” என்றாள் மனைவி.

இது சம்மதமா, சண்டையா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அப்போ நான் விலகிக்கறேன். வேற யாராவது ஆராய்ச்சிக்காரர் முடிவு பண்ணட்டும்.”

“யாரோ ஒருத்தன் வந்து எங்க பேரை வெட்டறதா?” இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.

“வெட்டறதில்ல. நிக்கற பேருக்குக் கீழ இன்னொரு பேரும் என்னைக்கும் இருக்கும்.”

“மேல அண்ணி, கீழ நான். வீட்டுல இருக்கற மாதிரியேதான்.” மனைவி கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

“கீழ என்னைப் போடுடா,” என்றாள் அக்கா. “முட்டிவலிக்காரி, எனக்கு மேல ஏற முடியாது.”

கோபமா கேலியா, அதுவும் விளங்கவில்லை. ஆனாலும் அப்படியே எழுதினார். மனைவி பேர் மேலே, அக்கா பேர் கீழே. இந்தத் தடவையாவது முகம் மலரட்டும் என்று, அனுப்புமுன் மனைவியிடம் காட்டினார்.

அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

“அண்ணி பேரை ஏன் இவ்ளோ பொடி எழுத்துல போட்டிருக்கீங்க? வளர்த்தவங்களுக்கு இதுதான் மரியாதையா?”

பூச்சிக்காரர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எழுத்தைப் பெரிதாக்கினார்.