ஐஸ் போட்ட இரண்டு கிளாஸ்

அந்தப் பயண நிறுவனத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுடுதண்ணி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். குளிர்ப் பிரதேசத்துக்காரர்களைப் பேருந்தில் ஏற்றி, வெயிலும் மழையும் காடும் கடலுமாக இருக்கும் பக்கத்தில் பத்து நாள் சுற்றிக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருட வழிகாட்டி. அருவி எத்தனை அடி உயரம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். தண்ணீரை எத்தனை நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

முதல் நாள் பேருந்து கிளம்பியதும் மைக்கைக் கையில் எடுப்பார்.

“இங்க பாருங்க, நாம ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்கோம், ஆஸ்பத்திரி சுத்திப் பார்க்க இல்ல. கொதிக்க வெச்ச தண்ணி மட்டும்தான். ஐஸைக் கண்ணால பார்க்கலாம், வாயில வைக்கக்கூடாது. வெட்டி வெச்ச பழம் வேண்டாம், முழுசா வாங்கி நீங்களே உரிச்சுத் தின்னுங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. சாயங்காலம் ஆனா முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. என் பேச்சைக் கேட்டவங்க யாரும் இதுவரைக்கும் படுத்ததில்ல.”

கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய உண்மைதான். பின் இருக்கைக்காரர்கள் இரண்டாம் நாளே, “சுடுதண்ணி வர்றார், ஊதிக் குடிங்க!” என்று கேலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்தது அவரில்லை. கூடவே வரும் சமையல்காரம்மா. பன்னிரண்டு வருடமாக அவருடைய எல்லாப் பயணங்களிலும் வந்தவர். அவர் தங்கச்சி என்பார், அந்த அம்மா அண்ணே என்பார். எந்த விடுதியில் தங்கினாலும் விடிவதற்கு முன் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்து அண்டாவை ஏற்றிவிடுவார். தளதளவென்று கொதி வந்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார். இறக்கி ஆற வைத்து, துணியால் மூடி, ஒவ்வொருவர் பாட்டிலிலும் தன் கையாலேயே கரண்டியால் மொண்டு ஊற்றுவார். வேறு யாரும் அண்டாவில் கை வைக்க முடியாது.

“கொதிச்சுதா தங்கச்சி?” என்று அவர் தினமும் கேட்பார்.

“நான் கொதிக்கறதுக்கு முன்னாடியே அது கொதிச்சிருச்சு அண்ணே, போங்க” என்று தினமும் பதில் வரும்.

அந்தத் தடவை இருபத்தாறு பயணிகள். நான்காம் நாள், அக்கரையில் இருந்த தீவுக்குப் போகப் படகுத்துறையில் காத்திருந்தார்கள். படகில் இயந்திரக் கோளாறு. தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டரை மணி நேரம். சுடுதண்ணி ஓடிக்கொண்டே இருந்தார். டிக்கெட் ஜன்னலில் சண்டை போட்டார், வயதானவர்களுக்கு நாற்காலி தேடினார், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தன் பாட்டிலையே கொடுத்துவிட்டார். மதியம் ஆகியும் அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கடை வரிசைக்குப் பின்னால் ஒருவன் எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த ஈரச் சாக்கின் மேல் ஐஸ் கட்டியை வைத்து இரும்புக் கம்பியால் உடைத்தான். அவர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிறகு ஒருநாளும் அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் வாங்கினார். ஒரே மூச்சில் இறங்கியது. இரண்டாவதை நின்று நிதானமாக ரசித்துக் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், வெட்டிய அன்னாசிப் பழத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பயணியிடம், “அந்தப் பக்கம் பார்க்கவே பார்க்காதீங்க சார்” என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் காலை வயிறு பிடித்துக்கொண்டது. ஏழாவது தடவை கழிப்பறைக்குப் போய் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை. பேருந்து ஓட்டுநர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஒரு வாடகைக் காரில் ஏற்றினார். அதே காரில் இன்னொருவரும் ஏற்றப்பட்டார். தனியாகப் பயணம் வந்திருந்த, அறுபத்தேழு வயது ஓய்வுபெற்ற டீச்சர். அவருக்கும் அதே பாடு.

சின்ன மருத்துவமனை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை. இருவருக்கும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் ஒரு இளம்பெண்.

“நேத்து வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா? ஐஸ் போட்டது ஏதாவது குடிச்சீங்களா?”

“நானா? ஊருக்கே சொல்றவன் டாக்டர் நான். வெளியில ஒரு சொட்டு குடிக்க மாட்டேன்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் போய் அதே கேள்வியைக் கேட்டபோது, டீச்சர் ஞாபகம் இல்லை என்று சொல்வது அவர் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் நிறுவனத்து மேனேஜர் போனில் வந்தார். “ஒரே நாள்ல ரெண்டு பேர் படுத்துட்டா மீதிப் பேர் சும்மா இருப்பாங்களா? என்னதான் ஆச்சு?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

“தண்ணி சரியா கொதிக்கலையோ என்னவோ சார்.”

“ஓ. அப்ப சமையல்காரம்மா வேலை.”

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “ம்” என்றார். என்னவோ என்றுதானே சொன்னேன், அடித்துச் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார்.

சாயங்காலம் ஓட்டுநர் வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“மேனேஜர் எல்லார்கிட்டயும் போன்ல பேசிட்டாரு. ஆளாளுக்குப் பாட்டிலைத் திறந்து ரோட்டோரம் கொட்டிட்டாங்க. சமையல் அக்கா பார்த்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் அண்டாவுல இருந்து ஒரு செம்பு மொண்டு எல்லார் முன்னாடியும் மடமடன்னு குடிச்சுக் காட்டினாங்க. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. மத்தியான பஸ்ல ஏத்தி ஊருக்கு அனுப்பியாச்சு.”

“என்னைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?”

“அண்ணனுக்கு எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க. உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்து விடட்டுமான்னாங்க. அவங்க கையால ஒண்ணும் வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு.” ஓட்டுநர் கொஞ்சம் தயங்கினார். “நல்லாத்தானே கொதிச்சுது? நான் பக்கத்துலதான் பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன்.”

சுடுதண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டுநர் போன பிறகு திரை விலகியது. டீச்சர் டிரிப்ஸ் ஏறும் கையை மார்போடு அணைத்தபடி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“படகுத்துறையில உங்களைப் பார்த்தேன்” என்றார் மெதுவாக. “நீங்களே குடிக்கறீங்கன்னா அது நல்ல கடையாத்தான் இருக்கும்னு நினைச்சு, நீங்க போனதும் நானும் ஒரு கிளாஸ் வாங்கினேன்.”

அவர் திரைப் பக்கம் திரும்பினார். “டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சு. இந்த வயசுல ஜூஸுக்கு நாக்கைத் தொங்கப் போட்டேன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் இல்லைன்னுட்டீங்க. உங்களைக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல. அதுக்குள்ள அந்தச் சமையல்காரப் பொண்ணை அனுப்பிட்டாங்களே.”

அவர் அப்போதே மேனேஜரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. வழிகாட்டியே இப்படின்னு தெரிஞ்சா நாளைக்கு நம்மகிட்ட எவன் வருவான்? வேற சமையல்காரரை ஏற்பாடு பண்ணியாச்சு. இதை இதோட விடுங்க.”

அதைக் கேட்டதும் அவருக்கு ‘அப்பாடா’ என்று இருந்தது. செய்ததிலேயே கேவலம் அந்த ‘அப்பாடா’தான் என்று பின்னாளில் அவரே சொல்வார். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஒரு நாள் கழித்து இருவரும் பேருந்தில் ஏறியபோது எல்லோரும் கை தட்டினார்கள். முன் இருக்கைக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களையே படுக்க வெச்சிருச்சே அந்தம்மா! பன்னிரண்டு வருஷம் நம்பினீங்களாமே, பாவம் சார் நீங்க.”

பாவம் என்ற அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மைக்கை எடுத்தார்.

“படகுத்துறைக்குப் பின்னாடி ஐஸ் போட்ட ஜூஸ் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்” என்றார்.

பேருந்தே கொல்லென்று சிரித்தது. வழக்கம்போல ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தார்கள்.

“சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். தண்ணியில ஒரு குறையும் இல்ல.”

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அப்ப அந்தம்மாவை ஏன் அனுப்பினாங்க?”

“நான் பொய் சொன்னதால.”

டீச்சர் எழுந்து நின்றார். “நானும்தான் குடிச்சேன். நானும் வாயைத் திறக்கல.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மீதி நாட்களில் ஒருவர்கூட அவரைச் சுடுதண்ணி என்று கூப்பிடவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், இறங்கிப் போனார்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே சமையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். முன் அறையில் அந்த அம்மாவின் கணவர் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார், வாங்க என்று சொல்லவில்லை, மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். சமையல்காரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. பஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.”

“சொன்னீங்கன்னு டிரைவர் சொன்னாரு. ஆனா நான் அங்க இல்லையே சார்.”

பன்னிரண்டு வருடத்தில் அந்த அம்மா வாயிலிருந்து சார் வருவது அதுதான் முதல் தடவை.

“நீங்க ஜூஸ் குடிச்சதுக்கெல்லாம் எனக்குக் கோபம் இல்ல. வெயில்ல யாருக்குத்தான் தோணாது? என் அடுப்பைப் பத்தித் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் நீங்க சொன்னதை எல்லாரும் நம்பினாங்க.” புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். “என்னைப் போகச் சொன்னவங்க முன்னாடி, நான் நிக்கும்போது சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அப்படியே செய்தார். அலுவலகத்தில் மேனேஜரும் டிக்கெட் பிரிவுக்காரர்களும் மற்ற சமையல்காரர்களும் நின்றிருக்க, சமையல்காரம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. எல்லோர் முகத்தையும் பார்த்தார், கதவுப் பக்கம் மட்டும் பார்க்க முடியவில்லை.

சமையல்காரம்மாவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு வழிகாட்டியின் குழுவில் போகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சுடுதண்ணியை அந்தப் பருவம் முழுக்க டிக்கெட் மேஜையில் உட்கார வைத்தார்கள். பேருந்துகள் கிளம்பும் காலை வேளைகளில் சமையல்காரம்மா அண்டாவைத் தூக்கி ஏற்றுவது ஜன்னல் வழியாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து அவருக்கு ரசீதுப் புத்தகத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மனைவியிடம் மட்டும் ஒரு மாதம் வரை சொல்லவில்லை. ஏன் பயணம் போகவில்லை என்று கேட்டதற்கு உடம்பு இன்னும் தேறவில்லை என்று மழுப்பினார். கடைசியில் ஒருநாள் மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஜூஸ் குடிச்சதை அன்னிக்கே போன்ல சொல்லியிருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பேன்” என்றாள் பிறகு. “மத்ததுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலங்க.”

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் இன்னும் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்.