ஆடுதீண்டாப்பாளைக்கு விட்ட வரப்பு

நூல்களில் அதற்குச் சிவப்புடல் அழகி என்று பெயர். கரிய இறக்கையில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும், உடம்பு முழுக்கக் குங்குமச் சிவப்பு. நீடாமங்கலத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் வயலின் வரப்பில் அந்த வண்ணத்துப்பூச்சியை முதலில் பார்க்கும் நாளை வருடந்தோறும் டைரியில் குறித்து வந்தேன். சில வருடம் ஐப்பசிக் கடைசி, சில வருடம் கார்த்திகை பிறந்து நாலைந்து நாள். மழை ஒருநாள் விட்டு வெயில் அடித்தால் வந்துவிடும். பிறகு ஒரு வருடம் அந்தக் குறிப்பு இல்லை. அடுத்த வருடமும் இல்லை. மழையின்மேல் பழி போட்டேன், புயலின்மேல் போட்டேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கார்த்திகையில் வெயில் அடிக்கும் காலைகளில் தஞ்சாவூர் வீட்டில் எனக்கு இன்னும் இருப்புக் கொள்வதில்லை.

போன வருடம் மார்கழியில் பழைய டைரிகளை வரிசையாக எடுத்துப் படித்தேன். கடைசியாக அதைப் பார்த்த கார்த்திகையை அடுத்து வந்த தையில், அறுவடை முடிந்த வாரத்தில், என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘வரப்பில் புல் மண்டிவிட்டது. களைக்கொல்லி அடிக்கச் சொன்னேன். இப்போது பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.’

அந்தப் பூச்சியின் புழு இங்கே தின்பது ஆடுதீண்டாப்பாளை இலையைத்தான் என்று நான் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து. தரையோடு படரும் சாம்பல் பூத்த செடி. ஒரே கசப்பு, ஆடு வாய் வைக்காது. எங்கள் வரப்பில் அது இருந்திருக்க வேண்டும். இத்தனை டைரிகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் இறக்கையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் பெண்மணியிடம் போனேன். அவருடைய தாயார் இதே நிலத்தில் நடவுக்கு வந்தவர். இன்று சாகுபடி முழுக்க இவர் பொறுப்பு.

“வடக்கு வரப்புல மட்டும் இனிமே களை மருந்து வேணாம்மா.”

“வரப்பு சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சார் உயிர எடுப்பீங்க?”

“நான்தான் சொன்னேன். இப்ப வேணாங்கிறேன்.”

“புல்லு மண்டுனா எலி வளை போடும், தண்ணி நிக்காது. செதுக்க ஆளுக்கு எங்க போறது? நீங்க வந்து மம்மட்டி புடிக்கிறீங்களா?” காரணத்தைச் சொன்னேன். சிரித்தார். “ஆடுகூடத் திங்காத செடிக்கு வரப்பா! சரி, இருபது அடி விடுறேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

செடிக்கு எங்கே போவது? மாசியில் ஒருநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் அலுத்துக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே தண்டவாளத்துக்கு அப்பால் சரிவில் அதே சாம்பல் பச்சையைக் கண்டேன். காய்கள் முற்றி வெடித்து, உறி தொங்குவதுபோல் தொங்கின. கேட் திறந்ததும் இறங்கிக்கொண்டேன்.

“சார், ஸ்டாப்பிங் இன்னும் வரல!” என்றார் கண்டக்டர்.

“பரவால்லப்பா, போ.”

குனிந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தபோது டீக்கடை வாசலிலிருந்து ஒருவர், “மோதிரமா சார் தொலைஞ்சு போச்சு?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபமாக இருந்தது.

விதைத்ததில் நாலு செடிதான் தேறின. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். இலை வந்தது, பூ வந்தது, பூச்சி வரவில்லை. ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். பத்து நாள் போக முடியவில்லை.

பதினோராம் நாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார்.

“சார், உங்க செடிய பூச்சி தின்னுது. கருகருன்னு புழு, மேலெல்லாம் செவப்பா முள்ளு மாதிரி. நெல்லுக்குக் கலக்குன மருந்து டேங்குல மிச்சம் இருக்கு. அதுக்கும் ரெண்டு வீசு வீசிடவா?”

“வேணாம்மா! வேணாம், வேணாம்! டேங்க கீழ வைங்க!”

“ஏன் சார் கத்துறீங்க? உங்க செடியாச்சேன்னுதான் கேட்டேன்.”

“செடி போனா போகுதும்மா. அந்தப் புழுதான் எனக்கு வேணும்.”

“நல்ல வேளை கேட்டேன்” என்றார்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். தெளிப்பானை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, வேறு யாரும் அந்தப் பக்கம் மருந்தோடு வந்துவிடாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து புழுக்கள். தாய்ப்பூச்சி அந்தப் பத்து நாளில் ஏதோ ஒரு காலை வந்து, முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் பார்க்கவில்லை. எந்த நாள் என்று எழுதக்கூட எனக்கு வழியில்லை.

“கறுப்பா, பெரிசா, ஒடம்பு செவப்பா ஒண்ணு இங்க சுத்துச்சா?”

“நான் நெல்லப் பாப்பனா, அதப் பாப்பனா?” என்றவர், குனிந்து இலைகளை விரலால் எண்ணினார். இரண்டு செடிகளில் காம்புதான் மிச்சம்.

“இது அஞ்சுக்கும் பத்தாது சார்.”

அவர் சொன்னது சரி. புழுக்கள் இன்னும் பாதிகூட வளரவில்லை. அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விட்ட இருபது அடியையும் தாண்டி, அடுத்த வரப்பில் அதே செடியைத் தேடிப் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் எதிர் வரப்பில் ஏறினேன்.