ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கப் போனேன்

பைக் மெக்கானிக்கின் கை கறுப்பாக இருந்தால் வேலை செய்கிறான் என்று அர்த்தம், வெள்ளையாக இருந்தால் ஓபி அடிக்கிறான் என்று அர்த்தம். புத்தகத்தையோ போனையோ தொட வேண்டுமென்றால் கையைக் கழுவியாக வேண்டும். கழுவினால் போச்சு, கடை முன்னால் நிற்கிறவர்கள் நம்மைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடையையும் நடத்திக்கொண்டு புதுசாக எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டு அவதிப்பட்ட சக மெக்கானிக்குகளே, தையல்காரர்களே, போட்டோ ஸ்டுடியோக்காரர்களே, இதெல்லாம் நமக்குள் இருக்கட்டும்.

மஞ்சள் விளக்கு

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் என் கடை. கார்பரேட்டர் காலத்தில் நான் பெரிய ஆள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன், அதுவும் யாரும் கேட்காமலேயே. பிறகு எஃப்.ஐ. வண்டிகள் வந்தன. அதில் பெட்ரோலை அளந்து விடுவது கார்பரேட்டர் இல்லை, உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். ஏன் எரிகிறேன் என்று மட்டும் அது சொல்லாது.

மணலூர்பேட்டையில் கரும்பு போட்டிருக்கும் கோவிந்தன் என்பவர் அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். பிளக்கைத் துடைத்தேன். ஏர் ஃபில்டரை ஊதினேன். பேட்டரி வயரைப் பிடுங்கிச் செருகினேன். விளக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம்வரை வண்டியைப் பிரதட்சணம் செய்துவிட்டு, ஷோரூமுக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று சொன்னேன். ரோட்டில் போகிற புது வண்டியெல்லாம் இந்த ரகம்தான். இப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் பழைய வண்டிகளோடு நானும் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். கோவிந்தன் கோபப்படவில்லை. பட்டனை அழுத்தி வண்டியைக் கிளப்பிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “வண்டி ஸ்டார்ட் ஆவுதுங்க. நீங்கதான் ஸ்டார்ட் ஆவ மாட்றீங்க.”

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

அன்றைக்கே படிப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிறு மத்தியானம் கடை லீவு. கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, போனை மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வைத்து, ஒரு மெக்கானிக் பாடம் நடத்தும் வீடியோவைப் போட்டேன். அவர் வணக்கம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நன்றி சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் நடந்தது என் மனைவி கலாவுக்குத்தான் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தபோது சொன்னாள்: “ஆக்சிஜன் சென்சாரு சைலன்சர் பைப்புல இருக்குதாம். மூஞ்சிய கழுவிக்கினு வாங்க, மீதியும் சொல்றேன்.”

பாதி ஷட்டர்

வீட்டில் ஆகாது என்று தெரிந்துவிட்டது. காலையில் சீக்கிரமே கடைக்குப் போய்ப் படித்துவிடலாம் என்று அடுத்த திட்டம். ஷட்டரை முழுசாகத் தூக்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் பாதி மட்டும் தூக்கிவிட்டு, உள்ளே டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களில் தலையில் கை வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் கை தலையில்தான் இருந்தது.

பக்கத்துக் கடை பாஷா, பங்க்சர் போடுகிறவர். ஒருநாள் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து நாலு இட்லியும் தக்காளி சட்னியும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. பக்கத்துக் கடைக்காரரின் நல்ல மனசு என்று நானும் சாப்பிட்டு வந்தேன். அந்த வாரக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “வூட்ல சண்டைன்னா எங்கிட்ட சொல்லுண்ணே, நான் வந்து அண்ணிகிட்ட பேசறேன். அதுவரைக்கும் இட்லிய பத்தி கவலப்படாத.”

புதன்கிழமை வகுப்பு

தனியாகப் படிப்பது என் ஜாதகத்தில் இல்லை என்று புரிந்து, சேலத்தில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் மெக்கானிக்குகளுக்காகப் போன் வழியாக நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். புதன்கிழமை மத்தியானம் வகுப்பு. மூஞ்சி தெரிகிற மாதிரி கேமராவைப் போட்டே வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். முன்பக்கம் யார் வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னோடு வேலை செய்யும் ஏழுமலை சத்தியம் செய்தான். செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து வசந்தா டீச்சர் வந்தார். களமருதூர்க்காரர், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அவருடைய ஸ்கூட்டர் என்னிடம் இருந்தது. மத்தியானம் தருகிறேன் என்று சொல்லி நான் சாயங்காலம் ஆக்கியது, சாயங்காலத்தை நாளைக்கு ஆக்கியது, அவர் தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவது, இந்தக் கடையில் விடாதே என்று வீட்டுக்காரர் அப்பவே சொன்னது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காதில் ஒயரை மாட்டியிருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. போன் வழியாக வகுப்பு முழுசுக்கும் முழுசாகக் கேட்டது. ஆத்தூர் மெக்கானிக், உளுந்தூர்பேட்டை மெக்கானிக் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிக்கவில்லை. அவரவர் கடையில் அவரவருக்குக் கிடைப்பதுதானே. ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகச் சொன்னார்: “சார், மொதல்ல அந்தம்மா வண்டிய குடுத்துட்டு வாங்க. நாங்க எல்லாரும் வெயிட் பண்றோம்.”

வெள்ளிமலையில் பரீட்சை

வெள்ளிமலையிலிருந்து செல்வி சிஸ்டர் போன் செய்தார். மலைக் கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். ஸ்கூட்டர் கிளம்பவில்லை, ஐஸ் பெட்டியில் மருந்து இருக்கிறது, தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருக்கிறார்கள், மேலே இருக்கும் மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார். நான் அப்போதுதான் கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கியிருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, சாமி சிலையைக் கொண்டுபோகிறவன் மாதிரி மலைப் பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்கேனரை வண்டியில் மாட்டினேன். ஒரு கோளாறும் இல்லை என்று காட்டியது. வண்டியோ முனகக்கூட இல்லை. போனில் பார்க்கலாம் என்றால் என் போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. ஆசிரியரைக் கேட்கவும் வழி இல்லை. ஜீப் டிரைவர்கள் சுற்றி நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சிஸ்டர் ஐஸ் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்தடவையாக, படித்ததை ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் புது வண்டி கிளம்பாது என்று வகுப்பில் சொன்னது வந்தது. ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. ஆனால் அது மேலே இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்ல ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. தரையில் படுத்துப் பார்த்தேன். முதல்நாள் மழையில் மலை ரோட்டுச் செம்மண் அந்தச் சுவிட்சை அடைத்து இறுகிப்போயிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் கழுவி, விரலால் நோண்டிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். கிளம்பிவிட்டது. நான் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன். சிஸ்டர் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏறினார். என் ஸ்கேனரை ஒரு தடவை பார்த்தார், சொம்பை ஒரு தடவை பார்த்தார். “ரொம்ப நன்றிங்க. ஆனா கழுவத்தான் வரப்போறீங்கன்னு போன்லயே சொல்லியிருந்தா, நானே கழுவியிருப்பேன்.”

கண்ணாடி போட்ட படிப்பு

ஒருவழியாகச் சேலம் வகுப்பின் பரீட்சையை எழுதித் தேறினேன். இப்போது எஃப்.ஐ. வண்டிகள் என் கடையிலிருந்து திரும்பிப் போவதில்லை, சில மட்டும் ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகின்றன. சான்றிதழுக்குக் கலா கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். ஏழுமலை அதைச் சாமி படத்துக்கும் மேலே மாட்டினான்.

மாட்டிய மறுநாள் தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் சத்தத்தைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருந்தது. வாங்க என்று எழுந்தேன். அவர் சான்றிதழைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு ஏழுமலையிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இங்க கார்பரேட்டர் பாக்கறவரு ஒருத்தர் இருந்தாரே, நல்ல மனுசன், அவுரு வேற எங்கனா போயிட்டாருங்களா?”

வேலை என்பது நடுரோட்டில் நிற்கிற எருமை, படிப்புக்கு அது ஒருநாளும் வழிவிடாது, நாம்தான் ஓரமாக ஒடித்து மண்ணில் இறக்கி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.