கையெழுத்துப் போடாத படம்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் மதித்தவனில்லை. நடு ரோட்டில் கிடக்கிற எலுமிச்சம்பழத்தை வேண்டுமென்றே மிதித்துவிட்டுப் போகிற ஆள். நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே "போய்யா, வேலையப் பாரு" என்றிருப்பேன்.

உத்திரமேரூரில் ஆயில் பெயின்டிங் வரைகிறவன் நான். கல்யாண மண்டபத்து லட்சுமியோ, ஓட்டல் சுவரில் நாற்று நடுகிற பெண்ணோ, யாரை வரைந்தாலும் கன்னம் மட்டும் என் மனைவி கௌரியுடையதாகவே வந்துவிடும். "ஊருக்கெல்லாம் என் மூஞ்சிய வித்துக்கினு கீற, என்ன மட்டும் வரையவே இல்ல பாரு" என்பாள்.

கிட்னி இரண்டும் போய், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவள் கட்டிலுக்கு எதிரே கேன்வாஸை நிறுத்தினேன். படுத்திருந்தது எலும்பும் தோலும். நான் வரைந்தது பழைய கன்னம். சத்தியமாகச் சொல்கிறேன், கன்னத்தில் ஒரு பூச்சு ஏற்றிய அன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடாமல் இருந்தேன், தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுபடி பூசினேன், மறுபடி கஞ்சி. எங்கள் தொழிலில் படம் முடிந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவோம். இதற்குப் போடவே கூடாது என்று முடிவு செய்து, காய்ந்ததன் மேலேயே பூசிப் பூசி மூன்று மாதம் ஓட்டினேன்.

வலி மட்டும் குறையவில்லை. எந்நேரமும் முனகல். "முடியலய்யா, போதும். கையெழுத்த போட்டு வுடுய்யா" என்று கெஞ்சினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது போல. பாவி நான், காதில் விழாதவன் மாதிரி சிவப்பைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கௌரியின் தங்கை வசந்தா அழுதுகொண்டே உலுக்கி எழுப்பினாள். கௌரி போய்விட்டிருந்தாள். நிமிர்ந்தால், படத்தின் ஓரத்தில் என் கையெழுத்து, ஈரம் காயாமல். என் விரலில் ஒரு துளி பெயின்ட் இல்லை.

"இத யாரு போட்டது வசந்தா?"

"யாரும் கிட்டயே போவல மாமா. நான் இங்கயேதான் குந்திக்கினு கீறேன். 'போட்டியா'ன்னு அக்கா கேட்டுச்சு. தூக்கத்துலயே நீ 'ம், போட்டுட்டேன்'னு சொன்ன. அக்கா சிரிச்சிட்டு கண்ண மூடிகிச்சு."

வசந்தா பொய் சொல்கிறவள் இல்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது.

கௌரியின் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. விண்ணப்பம் முழுக்க நானே நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இன்றைக்கும் எல்லா எழுத்தும் வருகிறது, என் கையெழுத்து மட்டும் வருவதில்லை. எங்கே போனாலும் கைநாட்டுதான் வைக்கிறேன்.