தியேட்டர் தையல்

கைடு சார் என்றால் அந்தப் பகுதியில் நம்மவர்கள் எல்லாருக்கும் தெரியும். அது அவராகவே வைத்துக்கொண்ட பட்டம். பிழைக்க வந்த புதிதில் பேக்கரியில் தட்டுக் கழுவியவர், இந்த நாட்டுப் பாஷையை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களைப் பயிற்சி மையத்தில் சேர்த்துவிடுகிற பெரிய மனிதராகிவிட்டார். காசு வாங்க மாட்டார். கும்பிடு வாங்குவார். அது குறைந்தால் முகம் சுருங்கிவிடும்.

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் வழி சொல்லிவிடுவார். தடித்த ஆளென்றால் கிடங்கு, ஒல்லியென்றால் ஓட்டல், பெண்பிள்ளையென்றால் தையல் இல்லாவிட்டால் துடைப்பம். ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று ஒப்புக்குக் கேட்பார். பதில் வருவதற்குள் தன் பிரதாபத்தை ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் காது இருந்தது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளத்தான்.

இவரிடம்தான் ஒரு நர்ஸ் வந்து மாட்டினாள். புருஷன் தொழிற்சாலையில் ஷிப்ட்டுக்குப் போகிறவன். அவளுடைய சான்றிதழ்கள் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த வாயும் கைடு சாருடையது. மையத்து அதிகாரி அம்மாள் என்ன வேலை தெரியும் என்று கேட்டதும் இவள் சொன்னாள்:

"தியேட்டர்ல இருந்தேன் சார். தையலுக்கு ஊசி, நூல் எடுத்து வைக்கிறதெல்லாம் நான்தான்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆபரேஷன் அறையைத் தியேட்டர் என்றுதான் சொல்வார்கள். அதை விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நம் மேதையின் மண்டையிலோ சினிமாக் கொட்டகை வந்து நின்றது. நடிகைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் என்று கூசாமல் அடித்துவிட்டார். அதிகாரி அம்மாளும் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வகுப்பில் மெஷின் முன்னால் உட்காரவைத்து ஒரு பைஜாமாவை நீட்டினார்கள். இந்த நாட்டில் நர்சுகள் தங்கள் யூனிபாரத்தைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும்போல என்று நினைத்து, பாவம், மறுநாளும் போய்த் தைத்தாள். அது வெறும் தையல் வகுப்பு என்று அப்புறம்தான் விளங்கியது. நர்ஸ் பயிற்சிக்குப் பெயர் சேர்ப்பது அந்த வாரத்தோடு முடிகிறது, விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கைடு சாரை விடாப்பிடியாக மறுபடியும் மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் ஆஸ்பத்திரி நர்ஸ். தப்பா சேர்த்துட்டாங்க, நர்ஸ் வகுப்புக்கு மாத்துங்கன்னு சொல்லுங்க சார்."

அதைச் சொன்னால் தன் மானம் கப்பலேறிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெண்ணின் ஒரு வருஷம் அவருக்கு அத்தனை பெரிதில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு அதிகாரி அம்மாளிடம் குழைந்தார். அந்தக் குழைவின் நடுவே ஒரு வார்த்தை நர்ஸ் காதில் விழுந்தது. பஸ் டிரைவரிலிருந்து கடைக்காரன் வரை அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை.

"நான் நன்றி சொல்லலையே சார்."

"ஒரு மரியாதைக்குச் சொன்னேம்மா. விடு."

அவள் விடவில்லை. அந்தப் பாஷையில் 'இல்லை' என்று சொல்லவும் அவளுக்குத் தெரியும். கைடு சாரைக் கைகாட்டி அதைச் சொன்னாள். அதிகாரி அம்மாள் புரியாமல் பார்த்ததும் இன்னும் உரக்கச் சொன்னாள். அந்த அம்மாள் போனில் யாரையோ பிடித்தாள். "சொல்லுங்கம்மா" என்று அதில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. நர்ஸ் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். கைடு சாரை வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்கே அவள் பெயர் நர்ஸ் வகுப்பில் ஏறியது.

வீட்டுக்கு வந்த கைடு சார் சட்டையைக்கூடக் கழற்றாமல் தாம்தூம் என்று குதித்தார். நடந்ததையெல்லாம் தன் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே மனைவியிடம் கொட்டினார்.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்று முடித்தார்.

"அவதான் நன்றியே சொல்லலையே," என்றாள் மனைவி. "நீங்கதானே சொன்னீங்க?"