சந்தனம்மாளும் சீனத்து ஜாடியும்

வானம் பார்த்த பூமியான பரளச்சி கிராமத்துச் சந்தனம்மாளுக்குக் கல்யாணமான மறுவருஷமே புருஷன் பால்ச்சாமி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அறுபத்து நாலில் நம்மாட்களையெல்லாம் அங்கிருந்து கிளப்பிவிட்டபோதுதான் திரும்பினார். அதற்குள் இவளுக்குத் தலை நரைத்துவிட்டது. மனுஷன் கொண்டுவந்தது என்ன? முழ உயரத்தில் ஒரு ஜாடி! வேலை பார்த்த கடையின் சீனத்து முதலாளி, தன் பாட்டன் காலத்துக்கும் முந்தியதென்று சொல்லிக் கொடுத்தாராம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

முகம் மறந்துபோன ஆம்பளையோடு என்னத்தைப் பேசுவது? ஒருநாள் ஜாடி மேல் வளைந்து நெளிந்திருந்த உருவத்தைத் துடைத்துக்கொண்டே இவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பாம்புக்கு எதுக்குக் காலு?"

பால்ச்சாமி சிரித்தேவிட்டார். "பாம்பில்ல புள்ள. சீனாக்காரவுகளுக்கு மழை குடுக்கிற சாமி. மேகத்துக்குள்ள போகுது பாரு."

"அப்ப நம்ம ஊருப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது!"

அன்றிலிருந்து தினம் அந்த ஜாடிதான் பேச்சு. பச்சைப் பூச்சு வழிந்து சொட்டாக நின்ற இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அவள் வாழ்ந்த வாழ்க்கை என்றால் அந்தச் சில வருஷங்கள்தான்.

எழுபத்து மூன்றில் அவர் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டு மண்பானை, சட்டியெல்லாம் தீட்டு. கருமாதிக்கு முன்னால் ஊர் எல்லையில் கொண்டுபோய் உடைத்துவிட வேண்டும். வெண்கலத்துக்கும் பீங்கானுக்கும் தோஷமில்லை. சட்டிகளை அள்ளிக்கொண்டிருந்த பால்ச்சாமியின் அக்காள் ஒச்சம்மாள், ஜாடி முன்னால் வந்து நின்றாள்.

"ஏத்தா சந்தனம், இது பீங்கானுதானே?"

மூலையில் கிடந்தவளிடம் அவர் பொருளைப் பற்றி ஒருத்தி கேட்டுவிட்டாள். பாவி மகளுக்கு முகமே மலர்ந்துபோனது.

"இல்ல மதினி, எல்லாரும் அப்படித்தான் நெனைக்காக. மண்ணுதானாம். மேல பூச்சு பூசிச் சூளையில சுட்டிருக்காக. கவுத்திப் பாருங்க, அடியில பூச்சில்லாம செம்மண்ணு தெரியும். அவுகதான் காமிச்சாக."

ஒச்சம்மாள் கவிழ்த்துப் பார்த்தாள். தெரிந்தது. அவளொன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, கண் கலங்கத்தான் செய்தாள்.

"மண்ணுன்னா வச்சுக்க முடியாதே ஆத்தா. எந் தம்பிக்கு ஆகாது" என்றபடி ஜாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

சொன்னது என்னவென்று அப்போதுதான் சந்தனம்மாளுக்கு உறைத்தது.

"ஐயோ மதினி, பொய்யி! நான் சொன்னது பொய்யி! அது பீங்கானுதான்!"

யார் நம்புவார்கள்? தாலி அறுக்கப்போகிறவள் வாசல் தாண்டக் கூடாதென்று பெண்டுகள் மறித்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒச்சம்மாள் தெரு முனை திரும்பிவிட்டாள். அவர்கள் பிடியில் கிடந்து இவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"அவுக சொல்லிக்குடுத்ததைத்தானே சொன்னேன். அவுகளைப் பத்தி எனக்கு வேற என்ன தெரியும்?"